கொதி டீச்சரும் வெட்டுப்படாத இழையும்

பெரியவளுக்கு எதையும் அரைகுறையாக வேகவைத்துப் பழக்கமில்லை. அவள் வீட்டு அடுப்பில் ஏறிய உருளைக்கிழங்கு, தான் என்னவாகப் பிறந்தோம் என்பதையே மறந்து குழைந்த பிறகுதான் இறங்கும். பால் பொங்கி அடங்கி, மறுபடி பொங்கி அடங்கி, இனி பொங்க என்னிடம் ஒன்றுமில்லை தாயே என்று கையை விரித்த பிறகுதான் அடுப்பு அணையும். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுடைய ரப்பர் வாத்தைக் கொதிக்கவைத்து எடுத்தாள். வாத்து வாத்தாகத் திரும்பி வரவில்லை. அதற்கென்ன, சுத்தமாக இருந்தது.

இதில் அவள் தப்பு ஒன்றுமில்லை, அம்மாவின் வளர்ப்பு. அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், கொதியிலிருந்து ஓய்வு பெறவில்லை. வீட்டில் சீப்பு கொதித்தது, கரண்டி கொதித்தது, கைக்குட்டை கொதித்தது. இரண்டாவது மகள், அதாவது சின்னவள், இந்த வீட்டிலிருந்து கல்யாணமாகிப் போன முதல் நாளே குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடித்து, "அப்பாடா!" என்று போன் பண்ணினாளாம். பெரியவள் மட்டும் அம்மாவின் அச்சு.

நாற்பது வயது வரைக்கும் பெரியவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பாடப் புத்தகத்தில் ஒரு வரி வரும்: 'சேதமடைந்த டி.என்.ஏ. செல்லுக்குள்ளேயே சரிசெய்யப்படுகிறது.' அவ்வளவுதான். யார் சரிசெய்கிறார்கள், எப்படிச் சரிசெய்கிறார்கள், சரிசெய்தது சரிதானா என்று யார் பார்க்கிறார்கள், ஒன்றும் கிடையாது. வருஷா வருஷம் அந்த வரியை நடத்திவிட்டு வரும்போதெல்லாம் அவளுக்கு அரிப்பெடுத்தது. கடைசியில் ஒருநாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, பாதி வயது மாணவர்களோடு வரிசையில் நின்று ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். கணவர், லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக், "சரி, நானும் ரிப்பேர், நீயும் ரிப்பேர்" என்று சொல்லிச் சாப்பிடப் போனார்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். முதுகுக்குப் பின்னால், கொதி டீச்சர். அது காதில் விழுந்த அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் டப்பாக்கள் அத்தனையின் மேலும் 'கொதி' என்று தானே எழுதி ஒட்டிக்கொண்டாள். சிரிப்பு அவளுக்கு அப்படி வரும். சந்தோஷத்திலும் வரும், பயத்திலும் வரும், அழுகை வரவேண்டிய இடத்திலும் முந்திக்கொண்டு வரும்.

அவள் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான். நம் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற இரட்டை இழை இருக்கிறது. நான்கே எழுத்துகள்தான், ஒரு இழையில் உள்ள எழுத்துக்கு எதிர் இழையில் ஜோடி உண்டு. இந்த எழுத்துகளை யாரும் அடிக்க வேண்டாம், உதைக்க வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் தண்ணீரே போதும். 'சி' என்ற எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தன் உடம்பில் ஒரு சின்னத் துண்டைத் தொலைத்துவிட்டு 'யு' ஆகிவிடும். டி.என்.ஏ.வுக்குள் இருக்கவே கூடாத ஆள் அது. ஒரு செல்லில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான இடத்தில் இப்படி ஆகிறது. அப்படியே விட்டால் நகலெடுக்கும்போது தப்பான எழுத்து ஏறி, அதுவே நிலைத்துவிடும். ஆனாலும் நாம் காலையில் எழுந்து பல் துலக்கி, ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இதை நினைத்தால் பெரியவளுக்குத் தலைகால் புரியாது. பஸ்ஸில் பக்கத்தில் தூங்கி வழிகிறவரைப் பார்த்து, 'ஐயா, உங்களுக்குள்ளே இந்த நிமிஷம் எத்தனை ரிப்பேர் நடக்கிறது தெரியுமா!' என்று எழுப்பிச் சொல்லலாமா என்று கை துறுதுறுக்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"நாலு பேருங்க. முதல் ஆள் பிடுங்குறவன். இழையைத் தடவிக்கிட்டே போவான். தப்பான எழுத்து வந்தா அதை மட்டும் வெளியில திருப்பிப் பிடுங்கிடுவான். இழை அறுபடாது, எழுத்து இருந்த இடம் மட்டும் காலி. ரெண்டாவது ஆள் வெட்டுறவன். அந்தக் காலி இடத்துல இழையை வெட்டுவான். மூணாவது ஆள் எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை வைப்பான். நாலாவது ஆள் ஒட்டுறவன்."

"ஒரு எழுத்துக்கு நாலு பேரா?"

"ஆமா."

"முதல் ஆள் கழட்டிட்டு, காலி இடத்தை அப்படியே விட்டுட்டுப் போயிடுவானா? எங்க கம்பெனில அப்படிச் செஞ்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"போகமாட்டான். அந்தக் காலி இடம் பலவீனமான இடம். அதனால அடுத்தவன் வந்து தோளைத் தட்டுற வரைக்கும் அதும் மேலேயே உட்கார்ந்திருப்பான்."

கணவர் தட்டில் சோற்றைப் பிசைந்தார். "அப்ப பரவாயில்ல. பொறுப்பான ஆளுதான்" என்றார்.

பெரியவளின் ஆராய்ச்சி அந்த முதல் ஆளைப் பற்றியது. நகரத்துச் சலவைக்கூடம் ஒன்றில் கொதிநீர் வெளியேறும் சாக்கடையில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது என்று கேள்விப்பட்டபோதே அவளுக்குச் சொந்தக்காரனைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது. சூட்டில் எழுத்துகள் இன்னும் வேகமாகக் கெடும். அங்கேயே குடித்தனம் நடத்துகிற ஜீவனிடம் பிடுங்குகிற புரதம் எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்! புட்டியோடு போய்க் குனிந்து எடுத்து வந்தாள். அந்தப் புரதத்தை வளர்த்தாள், பிரித்தாள், சுத்தம் செய்தாள். அது பிடுங்குகிறது என்று காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் பிடித்தது சனி.

சோதனை எளிமையானது. நடுவில் ஒரு 'யு' வைத்த சின்ன இழை. முதல் ட்யூபில் இழை மட்டும். இரண்டாவதில் இழையோடு பிடுங்குகிறவன். மூன்றாவதில் பிடுங்குகிறவனும் வெட்டுகிறவனும். பிறகு மூன்றையும் ஜெல் என்ற கூழ்த் தகட்டில் ஏற்றி, மின்சாரம் பாய்ச்சி ஓடவிட வேண்டும். முழு இழை மேலேயே நின்றுவிடும், வெட்டுப்பட்டது கீழே இறங்கும். இரண்டாவது ட்யூபில் வெட்டுகிறவனே இல்லை. அதனால் இழை மேலேதான் நிற்க வேண்டும், ஒரே கோடு. ஆனால் பெரியவளின் ஜெல்லில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. வெட்டுவதற்கு ஆளே இல்லாத இடத்தில் வெட்டு.

வழிகாட்டியான மேடம் அவளைவிட நாலைந்து வயது சின்னவர். கறாரானவர், நியாயமானவர். ஜெல்லை விளக்கின் முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மூணாவது ட்யூப்ல இருக்கிற வெட்டுறவன் ரெண்டாவதுக்கு வந்துடுறான். சொட்டு எடுக்கிற டிப்பை மாத்தும்போது கவனமா இருங்க, டீச்சர்."

கவனமாக இருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள். டிப், ட்யூப், கையுறை, தண்ணீர் எல்லாம் புதுசு. புரதத்தை முதலிலிருந்து சுத்தம் செய்தாள். கீழ்க்கோடு போகவில்லை. மறுபடி சுத்தம். மறுபடி கோடு. ஜெல்லில் ஏற்றுமுன் சாயம் கலந்து, இழைகள் நன்றாகப் பிரியட்டும் என்று ட்யூபைக் கொஞ்சம் சூடுபடுத்துவது எந்த ஆய்வுக்கூடத்திலும் உள்ள வழக்கம். மற்றவர்கள் கொட்டாவி விடுகிற நேரம் வைத்து எடுத்துவிடுவார்கள். கொதி டீச்சரின் ட்யூப் என்றால் கேட்கவே வேண்டாம், நன்றாக ஊறி, வேர்த்து, விதியே என்று உட்கார்ந்திருக்கும். அதையும் யோசிக்காமல் விடவில்லை. புரதம் சேராத முதல் ட்யூபும் அதே சூட்டில்தான் இருந்தது. அதன் இழை முழுசாக வந்தது. ஆக, சூட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் வேறிடத்தில் வந்து உட்கார்ந்தது. "புரதத்துல குறை இல்ல, டீச்சர்" என்றார் மேடம் ஒருநாள், முகத்தைப் பார்க்காமல். "உங்க கையிலதான் ஏதோ இருக்கு."

பெரியவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். ஆய்வுக்கூடத்தில் ஒருவரை மக்கு என்று சொல்லலாம், சோம்பேறி என்று சொல்லலாம். கை சரியில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தக் கை இதுவரை செய்ததெல்லாம் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

வெள்ளிக்கிழமை அவள் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு உட்காருகிறது. அதற்குள் சுத்தமான ஜெல் இல்லையென்றால் இந்த வேலை வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். பெரியவள் பட்டமில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு எப்போதோ ஆள் வந்தாயிற்று.

புதன்கிழமை காலை கடைசி முயற்சி. மூன்று ட்யூபிலும் சாயம் கலந்து முடிக்கும்போது போன் அடித்தது. சின்னவள்.

"அக்கா! பனிக்குடம் உடைஞ்சிடுச்சு! ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கேன், நீ உடனே வா!"

"அடியே, அடுத்த வாரம்தானே சொன்னாங்க!"

"அதை உள்ள இருக்கிற ஆளுகிட்டப் போய்ச் சொல்லு!"

சின்னவளின் கணவன் கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருந்தானோ. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து முதல் குழந்தை. பிரசவத்துக்கு நீ கூட இருக்க வேண்டும் என்று சின்னவள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. ஒவ்வொரு ட்யூபிலிருந்தும் பாதியை எடுத்து ஜெல்லில் அரக்கப் பரக்க ஏற்றினாள், மீதியை ஐஸில் குத்தினாள், மின்சாரத்தைப் போட்டாள், வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வாசலுக்கு ஓடினாள். அன்றைக்கு அவள் ஓட்டி வந்திருந்த கணவரின் பைக்கில் கோட்டு பறக்கப் போனபோது, ஆம்புலன்ஸ்காரர்களே டாக்டர் என்று நினைத்து வழி விட்டார்கள்.

பிரசவ அறையில் அம்மா ஏற்கெனவே இருந்தாள். சின்னவளைப் பார்க்க வந்தவள், சின்னவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் என்ன இருக்கிறது, துணி எங்கிருந்து வந்தது, நர்ஸ் கையைக் கழுவினாளா, எவ்வளவு நேரம் கழுவினாள். நர்ஸ் நல்ல உயரம், நல்ல பொறுமை. அந்தப் பொறுமையும் கரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஏதாவது கதை சொல்லு" என்று சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். "இந்த வலியைத் தவிர வேற ஏதாவது சொல்லு. சீக்கிரம்!"

பெரியவளுக்குத் தெரிந்தது ஒரே கதைதான்.

"ஒரு இழை இருந்துச்சாம்."

"என்ன இழை?"

"டி.என்.ஏ."

"ஐயோ, மறுபடியும் இதுவா!"

"எனக்கு வேற கதை தெரியாதுடி. மூச்சை விடு. அந்த இழையில ஒரு தப்பான எழுத்து வந்து உட்கார்ந்துக்கிச்சாம். இப்ப உன் வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கும்கூட, ஒவ்வொரு செல்லுலயும், இந்த நிமிஷம்..."

"என் குழந்தைக்கா? தப்பா?" சின்னவள் வலியை மறந்து எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் தோளை அமுக்கிப் படுக்க வைத்தாள்.

"எல்லாருக்கும்டி! உனக்கு, எனக்கு, இந்த சிஸ்டருக்கு. பயப்படாத, பிடுங்குறவன் வந்துட்டான். தப்பான எழுத்தை மட்டும் பிடுங்கிட்டான்."

வலி வந்தது. சின்னவள் கத்தினாள். பெரியவளும் கூடவே கத்தினாள், எதற்கென்று தெரியாமல். வலி போனது.

"அப்புறம் அந்தக் காலி இடம்?" என்று கேட்டது நர்ஸ்.

"அதும் மேல உட்கார்ந்திருப்பான் சிஸ்டர். ஏன்னா அந்த இடம் ரொம்ப..."

போன் டிங்கென்றது. மேடம். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன டீச்சரின் ஜெல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எரிச்சலோடு அவரே எடுத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: 'இன்று என்ன மாற்றினீர்கள்?'

பெரியவள் படத்தைப் பெரிதாக்கினாள். முதல் ட்யூப், மேலே ஒரு கோடு. மூன்றாவது ட்யூப், கீழே ஒரு கோடு. இரண்டாவது ட்யூப், மேலே ஒரே ஒரு கோடு. கீழே துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை. இத்தனை மாதமாகச் சொப்பனத்தில் மட்டும் வந்த ஜெல்.

"ஆ!" என்று ஒரு கத்தல் கத்தினாள்.

"என்ன, தலை தெரியுதா?" என்றாள் சின்னவள்.

"இல்லடி! கோடு தெரியல!"

"எந்தக் கோடு? சிஸ்டர், இவ என்ன சொல்றா? எனக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல, முக்குங்க" என்றாள் நர்ஸ்.

என்ன மாற்றினோம்? அதே புரதம், அதே இழை, அதே டிப். ஒன்றுமே மாற்றவில்லையே. பெரியவள் ஒரு கையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மூளையைக் கசக்கினாள். சாயம் கலந்தேன். போன் வந்தது. பாதியை ஏற்றினேன். அதற்கு நடுவில்? நடுவில் என்ன செய்தேன்?

நர்ஸ் தட்டில் கத்தரியை எடுத்து வைத்தாள். அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. இதையெல்லாம் கொதிக்க வெச்சீங்களா?"

பெரியவளின் வாய் திறந்தது, மூடவில்லை.

"நான் கொதிக்க வைக்கல!" என்று அலறினாள். "அம்மா! நான் இன்னைக்குக் கொதிக்கவே வைக்கல!"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி! எதை?"

"நீங்க எதுக்கு இதையெல்லாம் கொதிக்க வைக்கணும்?" என்று நர்ஸ் குழம்பினாள். "எல்லாம் சீல் வெச்ச பாக்கெட்ல சுத்தமா வருது!"

"இது இல்ல சிஸ்டர், என் ட்யூபை! ஐயோ, அந்தக் காலி இடம்! சூடு பண்ணா அது தானாவே ஒடிஞ்சிடுமே!"

யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை இது. எழுத்தைப் பிடுங்கிய இடத்தில் இழை பலவீனமாக இருக்கும், கொதிக்கவைத்தால் அங்கேயே ஒடியும். மேடத்துக்குத் தெரியும், பெரியவளுக்குத் தெரியும், கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். ஆனால் தெரிந்த விஷயம் ஒரு மூலையிலும், கைப்பழக்கம் இன்னொரு மூலையிலும் இத்தனை மாதம் ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தன. வெட்டுகிறவன் வரவே இல்லை. அவள்தான் வெட்டினாள், சூட்டால். முதல் ட்யூபில் காலி இடமே கிடையாது, அதனால் அது எத்தனை கொதித்தாலும் முழுசாக நின்று எல்லோரையும் ஏமாற்றியது. வெட்டு தெரியத் தெரிய அவள் பயந்து இன்னும் நன்றாகக் கொதிக்கவைத்தாள். கொதிக்கக் கொதிக்க அது இன்னும் நன்றாக ஒடிந்தது. நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிச் சிரித்தாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பிள்ளை சிரிக்கிறதே என்று அவளும் சிரித்தாள். நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடணும்னா வெளியில போய் ஆடுங்க" என்றாள்.

"அவ எங்கயும் போகக்கூடாது!" என்று சின்னவள் கத்தினாள். "நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன், எல்லாரும் சிரிக்கிறீங்களா!" என்று கத்தியவளுக்கே பாதியில் சிரிப்பு வந்து, சிரிப்போடு வலி வந்து, அந்தக் கலவரத்துக்கு நடுவில் குழந்தை வெளியே வந்துவிட்டது. பெண். வந்ததும் எல்லோரையும் ஒரு அதட்டு அதட்டிற்று. அறையே அமைதியானது.

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலைக்குப் போய் மேடத்தை அழைத்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். 

"இருக்கலாம்" என்றார் மேடம் மெதுவாக. "ஆனா ஒரே ஒரு ஜெல்லை வெச்சுக்கிட்டுக் குழு முன்னாடி நிக்க முடியாது, டீச்சர். இன்னைக்கு ஒரு தடவை டிப் மாறாம தப்பிச்சிருக்கலாம். அப்படித்தான் கேப்பாங்க. நானே கேப்பேன்."

"மீதிப் பாதி ஐஸ்ல இருக்கு, மேடம்."

"அதுவும் நீங்க கலந்ததுதானே?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் படுக்கையிலிருந்து கையை நீட்டி, வா என்று விரலை அசைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பைக்கில் ஏறிப் போனால் செய்துவிடலாம். செய்தாலும் அது இந்தக் கை செய்ததாகத்தான் இருக்கும். அவளுக்குத் திடீரென்று ஒரு அசட்டுத் துணிச்சல் வந்தது. சிரிப்பு வருகிற அதே இடத்திலிருந்து வந்தது அதுவும்.

"மேடம், நீங்க செய்யுங்க."

"என்னது?"

"நீங்களே செய்யுங்க, உங்க கையால. என் ட்யூபைத் தொடாதீங்க, என் டிப்பைத் தொடாதீங்க. வெட்டுறவனை வெளியிலயே எடுக்காதீங்க, அவன் ஃப்ரீசர்லயே கிடக்கட்டும். பிடுங்குறவனை மட்டும் இழையோட புதுசாக் கலந்து ரெண்டாப் பிரிங்க. ஒண்ணைக் கொதிக்க வைங்க, நான் வைக்கிற மாதிரி. இன்னொண்ணை அப்படியே ஏத்துங்க. நம்ம இழை ரொம்பச் சின்னது, ஜெல்லுல இருக்கிற யூரியாவே அதைப் பிரிச்சிடும், இன்னைக்குப் பிரிச்சிருக்கே."

"கொதிக்க வெச்சதுலயும் ஒரே கோடு வந்தா?"

"வந்தா என் கைதான். நான் வெள்ளிக்கிழமை வரல."

 மேடம் 'சரி' என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டார்.

மத்தியானம் போக மறுத்தது. சின்னவளை வார்டுக்கு மாற்றினார்கள். கணவர் ஃபிளாஸ்கோடு வந்தார், குழந்தையின் விரல்களை எண்ணிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார், விஷயத்தைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உன் வேலைக்கு நீயே உலை வெச்சுட்டியா?" என்றார். பெரியவள் வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். குழந்தையைத் தூக்கச் சொன்னார்கள். அப்புறம், அப்புறம் என்றாள். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். வெளியே பார்த்தால் வாயெல்லாம் பல். வார்டில் இருந்த மற்ற பெண்களுக்கெல்லாம், இந்தக் குழந்தையின் பெரியம்மாவைப் பார், பெற்றவளைவிடப் பூரிப்பு என்று பட்டது. உள்ளே என்ன ஓடியது என்று அவளுக்குத்தான் தெரியும். கொதித்ததிலும் ஒரே கோடா, ஒரே கோடா என்று அதே கேள்வி ராட்டினம் சுற்றியது.

விளக்குப் போடுகிற நேரத்துக்குப் போன் வந்தது. பெரியவள் எடுத்தாள். போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"டீச்சர், கேக்குதா?"

"ம்."

"சூடு பண்ணாததுல மேல ஒரு கோடுதான். சுத்தமா இருக்கு."

"சூடு பண்ணதுல?"

மேடம் பெருமூச்சு விடுவது கேட்டது. "ரெண்டு கோடு. நீங்க வைக்கிற நேரம் வெச்சேன், நல்லா வெட்டியிருக்கு. அப்புறம் மனசு கேக்காம, நான் எப்பவும் வைக்கிற நேரத்துக்கும் ஒண்ணு வெச்சுப் பார்த்தேன். அதுலயும் லேசா இருக்கு. என் கையிலயும் வெட்டுது, டீச்சர்."

பெரியவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கையைச் சொல்லியிருக்கக் கூடாது நான். வெள்ளிக்கிழமை இந்த ஜெல்லையும் சேர்த்து நீங்கதான் காட்டுறீங்க. குழுகிட்ட முதல்ல நான் பேசுவேன். குழந்தை என்ன குழந்தை?"

"பொண்ணு, மேடம்."

"சந்தோஷம்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மறைக்கவில்லை, கழிவறையைத் தேடிப் போகவில்லை. அம்மா பதறி எழுந்தாள். கணவர் ஃபிளாஸ்கைத் திறந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மூடினார்.

சின்னவள் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தாள். "ஏன்க்கா அழற? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடி. என் கை நல்லாத்தான் இருந்திருக்கு. ஆரம்பத்திலேருந்தே நல்லாத்தான் இருந்திருக்கு."

 சின்னவள் பக்கத்தில் சுருண்டிருந்த துணி மூட்டையை மெல்லத் தூக்கி நீட்டினாள்.

"அப்ப இவளைப் பிடி. நான் கொஞ்சம் தூங்கறேன்."

பெரியவள் இரண்டு கையையும் கோட்டிலேயே துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.